டம்ளரைக் கழுவ மறுத்தவர்கள் பிளாஸ்டிக்கை ஒழிக்கிறார்களாம்

பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் பேரணி நடத்திக் கூட்டிப்போகிறார்கள். அரசு ஆபீசுச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' என்று தமிழக அரசே ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. கடைக்குத் துணிப்பை எடுத்துப் போ, கறிக்கடைக்குப் பாத்திரம் கொண்டு போ, மக்கும் குப்பையைத் தனியாகவும் மக்காத குப்பையைத் தனியாகவும் பிரித்து வை. அறிவுரைக்குப் பஞ்சமில்லை.

எல்லாம் நல்ல அறிவுரைதான். பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஏரி மதகை அடைத்துக்கொண்டு கிடப்பது அதுதான். மாட்டு வயிற்றில் மூட்டையாகக் கிடப்பதும் அதுதான். சேரிக்குப் பக்கத்தில் கொட்டிக் கொளுத்தப்பட்டு நம் பிள்ளைகளின் மூச்சில் போவதும் அதுதான். ஆனால் இத்தனை அறிவுரையிலும் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. ஒருத்தன் குடித்த டம்ளரைக் கழுவி இன்னொருத்தனுக்குக் கொடுப்பது எவ்வளவு சாதாரணமான காரியம்! அதற்குச் செலவில்லை, குப்பையில்லை. அந்தச் சாதாரணக் காரியம் நம் ஊர்களில் ஏன் கைவிடப்பட்டது?

நகரத்தில் கேட்டால் அவசரம் என்பார்கள், சுகாதாரம் என்பார்கள். தருமபுரி மாவட்டத்துக் கிராமத்து டீக்கடையில் யாருக்கும் அப்படி ஒன்றும் அவசரமில்லை. விடிகாலை உட்கார்ந்தால் பேப்பர் முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். அங்கே தூக்கி எறிகிற கப் நுழைந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதன் பேர் சாதி.

2024 பிப்ரவரியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். இதே தருமபுரி மாவட்டம், கம்பைநல்லூர் போலீஸ் எல்லை. ஆதிக்க சாதிக்காரர் நிலத்தில் கூலி வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். செய்தி வெளியே வந்தது. நிலத்துக்கார வீட்டு மாமியாரும் மருமகளும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள். நாட்டில் செல்போன் இல்லாத வீடு இல்லை, நிலாவுக்கு விண்கலம் போய் இறங்கியாயிற்று. வெயிலில் குனிந்து வேலை செய்த பெண் நிமிர்ந்து ஒரு வாய் டீ குடிக்க மட்டும் கொட்டாங்குச்சி.

இப்போது பசுமை பேசும் நண்பர்களின் கணக்குப்படி இந்தச் சம்பவத்தைப் பாருங்கள். கொட்டாங்குச்சி இயற்கையானது. மக்கும். உள்ளூரில் கிடைக்கும். காசில்லை. ஒரு துளி பிளாஸ்டிக் கிடையாது. அவர்களுடைய பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது சூழலுக்கு நல்ல பாத்திரமா? 'உன் வாய் பட்டது இனி எங்க வூட்டுக்கு ஆகாது' என்ற அறிவிப்பு அது. ஆகவே ஒரு பொருள் மக்குமா மக்காதா என்று மட்டும் கேட்டால் போதாது. அது ஏன் தூக்கி எறியப்படுகிறது, யாருக்காகத் தூக்கி எறியப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

பயன்படுத்து, எறி என்கிற பண்பாட்டை அமெரிக்காக்காரன் கொண்டுவந்தான் என்று எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. மனுதர்மத்தின் 10-ஆம் அத்தியாயம் 51, 52 சுலோகங்களைப் புரட்டிப் பாருங்கள். சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும், செத்தவரின் துணியை உடுத்த வேண்டும். அவர்களை 'அபபாத்திரர்' ஆக்கவேண்டும் என்று ஒரு சொல் அங்கே வருகிறது. அவர்கள் புழங்கிய பாத்திரம் விலக்கப்பட வேண்டியது என்று அதற்குப் பொருள். பெட்ரோலியத்திலிருந்து பிளாஸ்டிக் எடுப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கூட்டத்தின் வாய் பட்ட பாத்திரத்தை எறிந்துவிடு என்று சட்டம் எழுதி வைத்த நாடு இது.

பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர் கழுத்தில் மண் கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று இருந்ததை அம்பேத்கர் 1936-இல் 'சாதியை ஒழித்தல்' நூலில் எடுத்து எழுதினார். எச்சில் தரையில் விழுந்தால் மிதிக்கிறவனுக்குத் தீட்டாம். மண் கலயமும் மக்குகிற பொருள்தான். வடநாட்டு ரயில் நிலையங்களில் ஒரு தடவை குடித்து உடைத்துப் போடுகிற மண் குவளைக்குக் குல்ஹட் என்று பேர். 2004-இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சரானபோது அதைத் திரும்பக் கொண்டுவந்தார். குயவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்பது அவர் நோக்கம், அதில் தப்பில்லை. ஆனால் குல்ஹட் ஏன் பிறந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. முன்னே குடித்தவன் என்ன சாதியோ என்கிற பயத்துக்கு அது மருந்தாக இருந்தது.

அதனால்தான் 'பழைய வாழ்க்கைக்குத் திரும்புவோம், மண் சட்டிக்கும் வாழை இலைக்கும் திரும்புவோம்' என்று மேடையில் பேசுகிறவரைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் வருகிறது. அந்தப் பழைய வாழ்க்கையில் பந்தியில் உட்கார்ந்தது யார்? எச்சில் இலையை எடுத்தது யார்? கடைசியில் குண்டானைச் சுரண்டிச் சோறு வாங்கிப் போனது யார்? குறைவாக வாங்கு, எளிமையாக வாழ் என்கிறார்கள். எங்களுக்கா சொல்கிறீர்கள்? 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளைக் கொளுத்தினார்களே, 200-க்கும் மேற்பட்ட வீடுகள் போயினவே, அந்த வீடுகளுக்குள் என்ன இருந்தது? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த பீரோ, டி.வி., எவர்சில்வர் பாத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ். கொட்டாங்குச்சி உனக்குப் போதும் என்றவனின் கண்ணை உறுத்தியது அதுதான். நாம் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளும்படி எதையாவது வாங்கிவிட்டால் அது குற்றமாகிவிடுகிறது.

டீக்கடைக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கம்மா காலத்தில் கடைக்கு வெளியே கூரைச் சந்தில் கொட்டாங்குச்சி செருகியிருக்கும். எடுத்து நீட்டினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். என் சின்ன வயசில் அது தனி கிளாஸ் ஆயிற்று. நம் ஆள் குடித்து, நம் ஆளே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். காசை மட்டும் கையோடு வாங்கிக்கொள்வார்கள், அதற்குத் தீட்டில்லை. பிறகு இயக்கங்கள் வந்தன. இரட்டை டம்ளரை எடு என்று கடைமுன் நின்று போராடினார்கள், அடி வாங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். சட்டமும் இருக்கத்தான் செய்தது. 1955-இலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவுக்கடைப் பாத்திரங்களில் பேதம் காட்டுவதைக் குற்றமாக்கியது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015-இல் கொண்டுவந்து 2016 ஜனவரியில் அமலான திருத்தம், பொது இடத்தில் பொதுவாகப் புழங்கும் பாத்திரத்தைத் தலித்துகள் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை வன்கொடுமை என்றே எழுதியது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான நூல் ஒன்றும், டீக்கடைத் தனிக்குவளை நாடு முழுக்க நடப்பில் இருப்பதைப் பதிவு செய்தது. இனி மறைக்க முடியாது என்ற நிலை வந்தது.

அந்த நேரத்தில்தான் கடைக்காரருக்குக் கைகொடுக்க பிளாஸ்டிக் கப் வந்து சேர்ந்தது. ஊர்க்காரனுக்கு எப்போதும்போலக் கண்ணாடி கிளாஸ். காலனிக்காரன் வந்தால் கப். கேட்டுப் பாருங்கள்.

"ஏம்பா, அந்தக் கிளாசுலயே குடேன்."

"அது கழுவல. இதுல குடி, சுத்தமா இருக்கும்."

இந்தச் 'சுத்தமா' என்ற ஒரு சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. அவன் மேல் என்ன வழக்குப் போடுவீர்கள்? தனி டம்ளர் எங்கே என்று போலீஸ்காரர் கேட்டால் காட்டுவதற்குத் தனி டம்ளரே கிடையாது. பழைய தீண்டாமையில் சாட்சி கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதிய தீண்டாமையில் டீயைக் குடித்து முடித்ததும் சாட்சியை நம் கையாலேயே கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறோம். பிளாஸ்டிக் கப் தடை செய்யப்பட்ட பிறகு பேப்பர் கப் வந்தது. வேலை அதே வேலைதான்.

பேப்பர் கப்பில் பேப்பர் மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். டீ கசியாமல் இருக்க உள்ளே பாலித்தீன் பூசியிருக்கிறார்கள். 85, 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லி திரவத்தை ஊற்றி 15 நிமிடம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் சுமார் 25,000 அதில் கலக்கின்றன என்று 2020-இல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு சொன்னது. நாளைக்கு மூன்று டீ குடிக்கிற கூலிக்காரர் 75,000 துணுக்கு விழுங்குகிறார். ஊர்க்காரனின் தீட்டைக் காப்பாற்ற நம் குடலுக்குள் பிளாஸ்டிக் போகிறது. இதைவிட என்ன வேண்டும்?

சட்டத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பேப்பர் கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் பேப்பர் கப் மீதான தடை நிலைத்தது. அப்புறமும் டீக்கடைகளில் பேப்பர் கப் அடுக்கடுக்காக இருக்கிறது. எப்போதாவது அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். பைகளை அள்ளுகிறார்கள், அபராதம் எழுதுகிறார்கள், போட்டோ எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறார்கள். கடை முழுக்கத் துழாவுகிற அந்த அதிகாரி ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: இந்தக் கப் யாருக்கு, அந்தக் கிளாஸ் யாருக்கு? அந்தக் கேள்வியைக் கேட்டால் அபராதத்தோடு முடியாது, வன்கொடுமை வழக்காகும். ஆகவே குப்பையைப் பிடிக்கிறார்கள், சாதியை விட்டுவிடுகிறார்கள்.

எறிந்த கப் எங்கே போகிறது? 'தொட்டிக்குப் போகிறது' என்பார்கள். தொட்டியிலிருந்து தானாக நடந்து போகிறதா? ஒரு கை அதை எடுக்கிறது. அது யார் கை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் சொல்வதில்லை. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலை செய்கிறவர்கள் 38,000 பேரை மத்திய அரசு கணக்கெடுத்தபோது 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024-இல் வெளியான விவரம் சொன்னது. குப்பை அள்ளும் வேலைக்கு வந்தால், மேற்கு, வடமேற்கு மாவட்டங்களில் அது பெரும்பாலும் அருந்ததியர் தலையில் விழுகிறது. இந்தியாவில் 2020-21-இல் மட்டும் சுமார் 41 லட்சம் டன் பிளாஸ்டிக் குப்பை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்குச் சொன்னது. அந்த 41 லட்சம் டன்னில் பொறுக்கப்பட்டது அத்தனையும் ஏதோ ஒரு சாதியின் விரல்கள் பொறுக்கியதுதான்.

பேரை மாற்றினார்கள். 2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பது 'தூய்மைப் பணியாளர்' ஆயிற்று. கிராம ஊராட்சிகளில் வேலை செய்கிறவர்களுக்குத் 'தூய்மைக் காவலர்' என்று பேர். காவலராம்! 2023-இல் இந்தக் காவலர்களின் மாத ஊதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்கு 170 ரூபாய்கூட வரவில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 294 ரூபாய். மண்வெட்டி பிடித்தால் 294, ஊரார் குப்பையைப் பிடித்தால் 170. சென்னையில் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ரிப்பன் மாளிகை வாசலில் பெண்கள் பாதிக்கு மேல் உட்கார்ந்து 13 நாள் போராடினார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. குப்பையை அள்ளுகிறவர்களையே குப்பை மாதிரி அள்ளினார்கள். சுற்றுச்சூழல் தினத்துக்குக் கூடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வாசலுக்குப் போனார்கள்?

வீட்டுக்குள் வருவோம். அறிவுரைகளில் பெரியது, குப்பையை வீட்டிலேயே பிரித்து வை என்பது. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று எழுதின. நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், சுற்றுவதற்கு உறையைத் தயாரிப்புக் கம்பெனி கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. படித்த வீடுகளில் நடக்கிறதா? எல்லாவற்றையும் ஒரே கேரிபேக்கில் கட்டித் தெருமுனையில் வீசுகிறார்கள். கைப்படாமல் வீசுகிறவரின் கை சுத்தம். அதை அவிழ்த்து, சோற்றையும் கண்ணாடித் துண்டையும் ரத்தம் தோய்ந்த நாப்கினையும் வெறுங்கையால் பிரிக்கிற பெண்ணின் கை தீட்டு.

இது புதுசு ஒன்றும் இல்லை. தீட்டுத் துணியை வெளுக்க என்றே ஒரு சாதியை வைத்திருந்த சமூகம் இது. தலித்துகளின் தீட்டுத் துணியை வெளுக்கப் புதிரை வண்ணார் என்று இன்னொரு சாதியையும் கீழே வைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் நம் சேரிக்கும் பங்குண்டு, மறைக்க வேண்டாம். துணி போய் நாப்கின் வந்தது. வீட்டுப் பெண்ணுக்கு விடுதலை என்றார்கள், ஓரளவு உண்மைதான். ஆனால் துணியிலிருந்து நீங்கிய தீட்டு எங்கேயும் ஆவியாகிப் போய்விடவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் ஏறி இன்னொரு தலித் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் பிளாஸ்டிக் குறையாததற்கு அடிப்படைக் காரணம் இதுதான். தான் எறிவதைத் தானே தொட வேண்டும் என்று இருந்தால் எந்த மனுஷனும் இவ்வளவு எறிய மாட்டான். எடுக்க ஒரு சாதி இருக்கிறது, அது காலையில் வரும், வராவிட்டால் திட்டலாம் என்று தெரிந்திருப்பதால்தான் கூச்சமில்லாமல் எறிகிறான். குப்பை பெருகுவதற்கு வசதி மட்டும் போதாது. அள்ள ஆளும் வேண்டும். அந்த ஆளைப் பிறப்பிலேயே நியமித்து வைத்திருக்கிறது சாதி.

இன்னொரு பக்கம் ஏழையைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். சேரியைப் பார், எங்கே பார்த்தாலும் பாக்கெட் கிடக்கிறது என்கிறார்கள். கிடக்கிறதுதான். தினக்கூலி வாங்குகிறவள் ஒரு லிட்டர் எண்ணெயும் ஒரு பாட்டில் ஷாம்புவும் எப்படி வாங்குவாள்? அன்றைய கூலிக்கு அன்றைய பாக்கெட். 1970களின் கடைசியிலும் 80களிலும் கடலூரிலிருந்து கிளம்பிய ஷாம்பு பாக்கெட் வியாபாரம் ஏழையின் அந்த நிலைமையைப் பார்த்துத்தான் வளர்ந்தது. பிறகு பன்னாட்டுக் கம்பெனிகளும் அதே வழியில் வந்தன. பல அடுக்கு ஒட்டிய அந்தப் பாக்கெட்டை எந்தப் பழைய இரும்புக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். 2019-இல் தடை வந்தபோது கம்பெனியில் அடைத்து வருகிற உறைகளுக்கு முதலில் விலக்குக் கொடுத்தார்கள். பூக்காரப் பாட்டியின் கேரிபேக்குக்கு விலக்கில்லை. விற்ற உறையைத் திரும்பச் சேகரிக்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022-இல் நெறிமுறை வந்தது. மறுசுழற்சி செய்ததாகக் காட்ட ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டிருந்ததை 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. ஏழை பாக்கெட்டைக் கீழே போட்டால் அது நாகரிகம் இல்லாத செயல். முதலாளி காகிதத்திலேயே குப்பையைக் காணாமல் அடித்தால் அது கணக்கு.

தண்ணீரையும் பாருங்கள். தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லும் எலும்பும் போன தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகவே ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி 2013-இல் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் குழாயில் ஒழுங்காக வருகிற தெருவில் யாரும் கேன் தண்ணீரும் பாக்கெட் தண்ணீரும் தேடமாட்டார்கள். கடைக்கோடியில் இருக்கிற காலனிக் குழாய்க்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கணக்கெடுத்துப் பாருங்கள். பொதுக்குழாய் எல்லாருக்கும் சமமாக ஓடினால் அதுவே பெரிய பிளாஸ்டிக் ஒழிப்பு. எந்தப் பிரச்சாரத்திலாவது இதைச் சொல்கிறார்களா?

ஊரும் சேரியும் தருமபுரியில் மட்டும் இல்லை, உலகத்துக்கே அந்த வரைபடம்தான். பணக்கார நாடுகள் தங்கள் பிளாஸ்டிக் குப்பையைக் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பின. 2018-இல் சீனா கதவைச் சாத்தியதும் மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் பக்கம் திருப்பிவிட்டன. 2019-இல் பேசல் ஒப்பந்தத்தைத் திருத்தி, வாங்குகிற நாட்டின் சம்மதம் இல்லாமல் அழுக்குப் பிளாஸ்டிக்கை அனுப்பக்கூடாது என்று விதி போடவேண்டியிருந்தது. பிளாஸ்டிக் உற்பத்தியையே குறைக்க உலக ஒப்பந்தம் வேண்டும் என்று கூடிய பேச்சுவார்த்தை 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவில்லாமல் கலைந்தது. எண்ணெய் விற்கிற நாடுகள் உற்பத்தியைத் தொடாதே, குப்பையைப் பற்றி மட்டும் பேசு என்றன. நம்மூர் நாட்டாமையின் பேச்சும் இதுதான்: நான் எறிவதைப் பற்றிப் பேசாதே, நீ ஏன் ஒழுங்காகப் பொறுக்கவில்லை என்று சொல்.

இவ்வளவும் பேசிவிட்டு நம் பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் நேர்மை இல்லை. ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் நாம் என்ன செய்கிறோம்? தெருவுக்குத் தெரு ஃபிளெக்ஸ். பாபாசாகேப் ஒரு மூலையில் சின்னதாக, வட்டச் செயலாளர் நடுவில் பெரிதாக. ஃபிளெக்ஸ் என்பது பி.வி.சி., கொளுத்தினால் டையாக்சின் என்கிற விஷம் வரும். கொளுத்துகிற இடமும் நம் தெருதான். பிளாஸ்டிக் கொடி, தண்ணீர்ப் பாக்கெட், தெர்மோகோல் தட்டு. கூட்டம் கலைந்த பிறகு விடியற்காலையில் மைதானத்தைக் கூட்ட வருகிறவள் நம் சாதிக்காரி, இல்லையென்றால் நமக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிக்காரி. இழிதொழிலை விடு என்று சொன்ன தலைவரின் பிறந்தநாளில் அவளுக்குக் கூடுதலாக நாலு வண்டிக் குப்பை வைத்துவிட்டு வருகிறோம். தோழர்கள் கோபிக்க வேண்டாம். நாம் மாற்றாவிட்டால் யார் மாற்றுவது?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை.

முதலில் டீக்கடை. எல்லாருக்கும் ஒரே கிளாஸ், வெந்நீரில் கழுவிய கிளாஸ். சேரி இளைஞர்கள், மாணவர்கள் கூட்டாகப் போய் உட்கார்ந்து, பேப்பர் கப்பை மறுத்து, கிளாசில் கேட்க வேண்டும். நம் கையில் இப்போது இரண்டு சட்டம் இருக்கிறது. கப் கொடுத்தால் பிளாஸ்டிக் தடைச் சட்டம். நமக்கு மட்டும் கப் கொடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு வழியில்லை. கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில் இதை எழுதுங்கள்: பிளாஸ்டிக் சோதனைக்குப் போகிற குழுவே டம்ளரையும் சோதிக்க வேண்டும், யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று எழுதி வெளியிட வேண்டும்.

இரண்டாவது, வீடு. எறிகிறவரே பிரிக்க வேண்டும். பிரிக்காத குப்பையை எடுக்க மறுக்கும் உரிமை பணியாளருக்கு வேண்டும். அப்படி மறுத்தவரை மிரட்டினாலோ சாதி சொல்லித் திட்டினாலோ வழக்குப் போட வேண்டும். அவர்களுக்கு நிரந்தர வேலை, முழுச் சம்பளம், கையுறை, எந்திரம் எல்லாம் வேண்டும். அந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும். எல்லாச் சாதிக்காரனும் குப்பை வண்டி தள்ளுகிற நாளில் பாருங்கள், ஊரில் குப்பை எப்படிக் குறைகிறது என்று.

மூன்றாவது, நம் தெரு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதற்கும் காலனிக்கென்று சொந்தமாக எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வேண்டும். மகளிர் குழுக்கள் கடன் வாங்கி வட்டி கட்டுகிற பணத்தில் ஒரு பங்கைப் போட்டால் 300 பேருக்குப் பாத்திரம் சேர்த்துவிடலாம். வாடகைக்கும் விடலாம். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. நம் மேடைகளில் ஃபிளெக்ஸ் வேண்டாம், துணியில் எழுதுவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள்.

நான்காவது, கம்பெனி. பாக்கெட்டை விற்றவன் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். அள்ளுகிறவருக்கு அவன் கூலி கொடுக்கட்டும், அதுவும் போலிச் சான்றிதழில் இல்லாமல் ரொக்கமாக.

பசுமை பேசும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மஞ்சப்பையோடு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் சேரிக்கு வந்து அறிவுரை சொல்வதற்கு முன்னால் உங்கள் ஊர்த்தெரு டீக்கடைக்கு எங்களோடு ஒருநாள் வாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். எனக்கும் அவருக்கும் ஒரே கிளாசில் கொடு என்று நீங்கள் கேளுங்கள். நான் குடித்த கிளாசைக் கழுவி அதிலேயே உங்களுக்கு ஊற்றச் சொல்லிக் குடியுங்கள். அந்தக் கிளாஸ் கழுவப்படுகிற ஊரில் பேப்பர் கப்புக்கு வேலையில்லை. அதைக் கழுவ மறுக்கிற ஊரில் நீங்கள் எத்தனை பேரணி நடத்தினாலும் குப்பை ஒழியாது.